டில்லியில் நான் கேட்காத மன்னிப்பு

என் பதவி உயர்வு டில்லியில் இருந்தது. அதை எடுத்துவரத்தான் ஜனவரிக் குளிரில் கிளம்பினேன்.

கல்லூரி ஆசிரியர்களுக்குப் புத்தொளிப் பயிற்சி என்று ஒன்று உண்டு. ரிஃப்ரெஷர் கோர்ஸ் என்றால்தான் எங்களுக்கே புரியும். பல வருஷமாகப் பாடம் நடத்துகிறவர்களுக்குப் பாடம் நடத்தச் சொல்லிக்கொடுப்பது. அந்தச் சான்றிதழ் இல்லாமல் இணைப் பேராசிரியர் ஆக முடியாது. எனக்கு ஒவ்வொரு முறையும் ஒரு தடங்கல் வந்தது. மாமியாருக்கு அறுவைச் சிகிச்சை, மகள் கல்யாணம், விடைத்தாள் திருத்தம். அதற்குள் எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்த இருவர் இணைப் பேராசிரியராகி, ஸ்டாஃப் ரூமில் ஜன்னலோர மேசைகளுக்குப் போய்விட்டார்கள். ஜன்னல் இல்லாமல் நான் இருந்துவிடுவேன். "காத்து வேணும்னா இங்கன வந்து உக்காருங்கக்கா" என்று அவர்கள் சொல்வதைத்தான் தாங்க முடியவில்லை.

"இந்தத் தடவையும் விட்டீங்கன்னா அடுத்த கமிட்டி எப்ப உக்காரும்னு எனக்கே தெரியாது, செல்வராணி மேடம்" என்றார் முதல்வர். அவர் பயமுறுத்துகிறவர் இல்லை, உண்மையைத்தான் சொன்னார். மகளுடைய ஸ்வெட்டர் ஒன்று, ஊர்ப் பெருமையைக் காப்பாற்றக் கோவில்பட்டிக் கடலை மிட்டாய் சில பாக்கெட், இவற்றோடு போய் இறங்கினேன்.

இறங்கியபோது டில்லியைக் காணவில்லை. பனிமூட்டம். எதிரே நிற்பவர் இடுப்புக்கு மேல்தான் தெரிந்தார். எங்கள் ஊரில் கார்த்திகை மாசத்தில் கொஞ்சம் பனி விழுந்தாலே தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஊரே குளிர்காய உட்கார்ந்துவிடும். இங்கே அந்தப் புகைக்குள்ளேயே மனிதர்கள் ஓடுகிறார்கள், டீ குடிக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள்.

மெட்ரோவில் ஏறியதும் ஒருவருடைய காலை மிதித்துவிட்டேன். பெரிய ஆள், தோல் ஜாக்கெட், முறைத்தார். கூட்டத்தில் மிதிபடாமல் வர வேண்டுமென்றால் டாக்ஸியில் போக வேண்டியதுதானே என்று எனக்கு எரிச்சல். "சரி சரி, கூட்டத்துல என்ன செய்ய" என்று முணுமுணுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டேன். அவர் முகம் உடனே இளகியது. "பரவாயில்லை ஆன்ட்டிஜி" என்று சொல்லி, என் பையைக்கூட வாங்கி ஓரமாக வைத்தார். டில்லிக்காரர்கள் முரடர்கள் என்று யார் கிளப்பிவிட்டது என்று தெரியவில்லை. நம் ஊர் பஸ்ஸில் இப்படி ஒருவரைக் காட்டுங்கள் பார்ப்போம் என்று அன்று இரவு கணவரிடம் போனில் சொன்னேன்.

பயிற்சி மையம் முனிர்கா பக்கம், ஒரு பெரிய வளாகத்துக்குள் இருந்தது. தங்குவதற்கு விருந்தினர் விடுதி. என் அறைத்தோழி சவிதா, ஹரியானாவில் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்துகிறவர். என் வயதுதான் இருக்கும். உயரமான பெண்மணி, குரலும் உயரம். அவருக்கு என் இந்தி புரியவில்லை. எனக்கு அவருடைய ஆங்கிலம் புரியவில்லை. ஆனால் இருவருமே பேச்சை நிறுத்துகிற ஜாதி இல்லை என்பதால் சிக்கல் வரவில்லை. வந்த அன்றைக்கே நான் கடலை மிட்டாயை எடுத்து வைத்தேன். அவர் வெல்லமும் எள்ளும் சேர்த்து அப்பளம் மாதிரி மெல்லிசாகத் தட்டிய கஜக் என்ற பண்டத்தை எடுத்து வைத்தார். அவர் என்னுடையதைக் கடித்து, "நன்றாக இருக்கிறது, ஆனால் பல் போய்விடும்" என்றார். நான் அவருடையதைக் கடித்து, "நன்றாக இருக்கிறது, ஆனால் கடிப்பதற்குள் கரைந்துவிடுகிறது" என்றேன். நட்பு அதில் உறுதியானது.

சாப்பாட்டுக்கூடம் தனி அனுபவம். ராஜ்மா என்ற சிவப்புப் பயறு மதியம் வரும், இரவும் வரும். பரிமாறுகிறவர் என் தட்டில் ஊற்றிக்கொண்டே இருந்தார். நான் "போதும், போதும்" என்று கையை மறித்தேன். அவர் அதை உற்சாகப்படுத்துவதாக எடுத்துக்கொண்டு இன்னொரு கரண்டி ஊற்றினார். "பஸ் என்று சொல்லுங்கள்" என்றார் சவிதா. எனக்குத் தெரிந்து பஸ் என்றால் கழுகுமலைக்குப் போவது. மறுநாள் தட்டை நீட்டி "பஸ்" என்றேன். கரண்டி நின்றது. மொழி என்பது ஒரு சொல்லில் சோற்றை நிறுத்தக்கூடியது என்று அன்றைக்கே நான் யோசித்திருக்க வேண்டும். பசியில் யோசிக்கவில்லை.

பயிற்சியின் முதல் சில நாட்கள் நாற்காலியில் உட்கார்ந்தே கழிந்தன. 'மாணவரை மையப்படுத்திய கற்பித்தல்' என்ற தலைப்பில் ஒருவர் எங்கள் முகத்தைப் பார்க்காமல் காலை முழுதும் திரையைப் படித்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அவருக்கும் இந்தப் பேச்சை முடித்துக்காட்ட வேண்டிய நெருக்கடி ஏதாவது இருக்கும். எங்கள் குழுவில் அசாமிலிருந்து விலங்கியல் நடத்தும் பொரா என்கிறவர் திறந்த கண்ணோடு தூங்கும் வித்தையை அப்போது காட்டினார். நம் மாணவர்கள் கடைசி பெஞ்சில் அதைத்தான் செய்கிறார்கள் என்பது எதிர்ப்பக்கத்தில் உட்காரும்போதுதான் தெரிகிறது.

ஒருங்கிணைப்பாளர் இந்திராணி மேடம் வேறு மாதிரி. கல்வியியல் பேராசிரியர். எப்போதும் ஒரு சாம்பல் நிறப் போர்வைக்குள் இருந்துகொண்டு மெல்லப் பேசுவார். வெயில் வந்த முதல் நாளில் அவர் எங்களைப் புல்வெளிக்குக் கூட்டிப்போனார். டில்லியில் குளிர்கால வெயில் என்பது நம் ஊர்த் தேர் மாதிரி, வந்தால் எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்துவிடுகிறார்கள். அலுவலக ஆட்கள் கோப்புகளோடு புல்லில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்தார்கள். எங்களுக்கும் வறுத்த வேர்க்கடலைப் பொட்டலம் கிடைத்தது. மரத்தடியில் ஒரு வெள்ளைப் பலகையை நிறுத்தி, "இனி நீங்கள் நடத்துங்கள், நாங்கள் மாணவர்கள்" என்றார்.

விதி இதுதான். ஒவ்வொருவரும் தன் பாடத்திலிருந்து ஒரு சின்ன விஷயத்தை, அந்தப் பாடமே தெரியாத மற்றவர்களுக்கு நடத்த வேண்டும். மணி அடித்ததும் நிறுத்திவிட வேண்டும். பிறகு வட்டமாக ஒவ்வொருவரும் ஒரு நல்லதும் ஒரு குறையும் சொல்வார்கள். தேறாதவர்கள் அதே பாடத்தைக் கடைசி நாள் மறுபடி நடத்தலாம். அதிலும் தேறாவிட்டால் சான்றிதழ் கிடையாது, வேறொரு முறை வரலாம். அந்த 'வேறொரு முறை' எனக்கு இல்லை என்பது எனக்கும் எங்கள் முதல்வருக்கும் மட்டும் தெரியும்.

நான் கணிதம். முடிவில்லாத ஒன்பதுகளை எடுத்துக்கொண்டேன். பூஜ்யம் புள்ளி போட்டு ஒன்பது, ஒன்பது, ஒன்பது என்று நிறுத்தாமல் எழுதிக்கொண்டே போனால் அது ஒன்றுக்குக் கொஞ்சம் குறைவு என்றுதான் தோன்றும். அது குறைவில்லை, ஒன்றேதான். நிரூபிக்க மூன்று வரி போதும். மூன்றில் ஒரு பங்கை எழுதினால் பூஜ்யம் புள்ளி மூன்று, மூன்று, மூன்று என்று முடிவில்லாமல் போகும். அதை மூன்றால் பெருக்கினால் ஒன்பதுகள் வரும். மூன்றில் ஒரு பங்கின் மூன்று மடங்கு என்ன, ஒன்று. முடிந்தது. எங்கள் கல்லூரியில் இதை நான் நடத்தாத வருஷம் கிடையாது, யாரும் சந்தேகம் கேட்டதும் கிடையாது.

ஆங்கிலத்தில் கடகடவென்று நடத்தினேன். பொராகூட விழித்திருந்தார். மணி அடிப்பதற்கு வெகு முன்பே முடித்துவிட்டேன். எல்லோரும் தலையாட்டினார்கள். கடலைத் தோலை ஊதிக்கொண்டே போய் என் இடத்தில் உட்கார்ந்தேன், திருப்தியாக இருந்தது.

"பாடத்தில் நல்ல பிடிப்பு" என்று தொடங்கினார் பொரா. "ஆனால் தன்னம்பிக்கை கொஞ்சம் குறைவு."

எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று தோன்றியது. என்னைப் பற்றி ஆயிரம் குறை சொல்வார்கள். இது அதில் கிடையாது.

"பயப்படுகிறாரோ என்று தோன்றியது" என்றார் அடுத்தவர். "பாவமாக இருந்தது" என்றார் அதற்கடுத்தவர். சவிதா என் அறைத்தோழி ஆயிற்றே, காப்பாற்றுவார் என்று பார்த்தேன். அவர் தலையைச் சாய்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "நீங்கள் ஏன் எங்களிடம் இத்தனை தடவை மன்னிப்புக் கேட்டீர்கள்? நாங்கள் உங்களை என்ன செய்துவிட்டோம்?"

"நானா? மன்னிப்பா?"

"ஒவ்வொரு வரிக்கும் கேட்டீர்கள். எண்ணிப் பார்த்தேன், முடியாமல் விட்டுவிட்டேன்."

மற்றவர்களும் ஆமாம் என்றார்கள். எனக்குக் கோபம் வந்தது. கல்யாணமான நாளிலிருந்து என் வாயிலிருந்து ஒரு மன்னிப்பு வந்ததில்லை, வேண்டுமானால் என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டுக் கேளுங்கள் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், நான் சிரிக்கவில்லை. இந்திராணி மேடம் போர்வையைச் சரிசெய்துகொண்டு, "கடைசி நாள் மறுபடி நடத்துங்கள், செல்வராணி" என்றார். தேறவில்லை என்பதை இவ்வளவு மரியாதையாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. இரவு ராஜ்மாவுக்கு முதல் கரண்டியிலேயே பஸ் சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மயூர் விஹாருக்குப் போனேன். சண்முகம் அண்ணன் என் பெரியப்பா மகன். மத்திய அரசில் எழுத்தராகச் சேர்ந்து அதிகாரியாக ஓய்வு பெற்றவர். மோதி பாக் அரசுக் குடியிருப்பில் பிள்ளையை வளர்த்து ஆளாக்கி, இப்போது மயூர் விஹாரில் சொந்த அடுக்ககம். மயூர் விஹார் என்று அறிவிப்புக் கேட்டதும் இறங்கிவிட்டேன். அந்தப் பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட நிலையங்கள் இருப்பதை யாரும் சொல்லவில்லை. வெளியே வந்து அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"ஏ ராணி, எங்க நிக்கே? எதுக்க என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியல. பனிதான் தெரியுது."

"அது தில்லி பூராவும்தான் தெரியும். அங்கனயே ருக்கு, காயத்ரிய அனுப்புதேன்."

ருக்கு என்றால் நில் என்று அர்த்தமாம். யாரோ ருக்குமணி வருகிறாள் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். வந்தது காயத்ரி, அண்ணன் மகள். டில்லியில் பிறந்து வளர்ந்தவள், முப்பதை நெருங்குகிறாள். தமிழ் பேசுவாள், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது. என்னை ஒரு பேட்டரி ரிக்‌ஷாவில் ஏற்றினாள். பள்ளத்தில் ஒரு குலுக்கு குலுக்கியதில் நான் எதிரே இருந்த அம்மாள் மடியில் போய் விழுந்தேன். "சரி சரி" என்று சொல்லி எழுந்தேன். அந்த அம்மாள் என் கன்னத்தைத் தட்டி, "பரவாயில்லை மகளே" என்றார். "பாத்தியா, இந்த ஊர்ச்சனம் எவ்வளவு தங்கமா இருக்கு" என்றேன் காயத்ரியிடம். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

மைனி, அதாவது அண்ணன் மனைவி, நானும் அவளுக்கு மைனிதான், நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். அதற்குத் தொட்டுக்கொள்ள ரொட்டி. கேட்டால், "சோறும் இருக்கு மைனி, இவுகளுக்குத்தான் ரொட்டி இல்லாம ஒறக்கம் வராது" என்றாள். அண்ணன் அதை மறுக்கவில்லை. திருநெல்வேலித் தமிழை நாற்பது குளிர்காலம் உறையாமல் காப்பாற்றிய மனிதர், சோற்றை விட்டுக்கொடுத்துவிட்டார்.

சாப்பிட்டு முடித்ததும் என் கதையைச் சொன்னேன். சொல்லும்போதே மறுபடி கோபம் வந்தது. "வேணும்னே செய்யுதாங்களோன்னு இருக்கு. மெட்ராஸ்காரின்னா தொடைநடுங்கின்னு நெனப்பு."

"அத்தே, அந்த க்ளாஸை அப்படியே எனக்கு எடுங்களேன்" என்றாள் காயத்ரி. குர்கானில் ஒரு நிறுவனத்தில் அவளுக்கு வினோதமான வேலை. வாடிக்கையாளர்களோடு ஊழியர்கள் போனில் பேசுவதை உட்கார்ந்து கேட்டு, பேச்சுக்கு மார்க் போடுவாள். காது கூர்மையானது. நான் மைனியின் ஃபிரிட்ஜைப் பலகையாகப் பாவித்து ஆங்கிலத்தில் தொடங்கினேன். இரண்டாவது வரியிலேயே அவள் சோபாவில் சாய்ந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"என்னட்டி?"

"அத்தே, நீங்க லைனுக்கு லைன் சரி, சரின்னு சொல்றீங்க."

"ஆமா. அதுக்கென்ன? புரிஞ்சுதான்னு கேக்கேன்."

"அச்சா, நமக்கு அது சரி. இங்கிலீஷ் நடுவுல வந்தா அவங்களுக்கு அது சாரி."

அண்ணன் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்ப ஓடினார். மைனி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு மெட்ரோவில் கால் மிதிபட்டவர் நினைவுக்கு வந்தார். ரிக்‌ஷா அம்மாளும் வந்தார். டில்லியில் இறங்கியதிலிருந்து நான் ஊர் முழுக்க மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அலைந்திருக்கிறேன். ஊரும் பெருந்தன்மையாக மன்னித்துக்கொண்டு வந்திருக்கிறது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே நான் மட்டும் அல்ல, எங்கள் ஜில்லாவே கெட்டிருக்கும்.

அன்று மாலை முழுக்கச் சரி சொல்லாமல் பாடம் நடத்திப் பழகினேன். நான் சரி சொல்லும்போதெல்லாம் காயத்ரி டம்ளரில் ஸ்பூனால் தட்டுவாள். எதிர்வீட்டுக்காரர் பூஜை நடக்கிறதா என்று எட்டிப் பார்க்கும் அளவுக்குத் தட்டினாள். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள். சரியை விழுங்கினால் அடுத்த வரி வரவில்லை. படியில்லாத மாடிக்கு ஏறுகிற மாதிரி இருந்தது.

விடுதிக்குத் திரும்பி சவிதாவிடம் விளக்கினேன். சரி என்றால் ஓகே, மன்னிப்பு இல்லை. அவர் நம்ப மறுத்தார். பிறகு நம்பினார். பிறகு அந்தச் சொல் அவருக்குப் பிடித்துப்போய்விட்டது. காலையில் டீயை நீட்டி "சரி?" என்பார். கீசரில் வெந்நீர் வந்தால் "சரி" என்பார். வராத நாளில் எப்படிச் சொல்வது என்று கேட்டார். "சரி இல்ல" என்று சொல்லிக்கொடுத்தேன். முனிர்காவில் தமிழ்ப் பிள்ளைகள் கூடும் ஒரு சின்ன ஓட்டலுக்கு அவரைக் கூட்டிப்போனேன். தோசை நன்றாக இருந்தது. சாம்பாரில் சர்க்கரை போட்டிருந்தார்கள். ஊர் விட்டு ஊர் வந்த சாம்பாருக்கு இப்படி நேர்வது உண்டு. பரிமாறிய தென்காசிப் பையனிடம் சவிதா கிண்ணத்தைக் காட்டி, "சரி இல்ல" என்று கண்டிப்பாகச் சொன்னார். அவன் என்னைப் பார்த்து, "மேடத்துக்குத் தெரியுது, இங்க மாஸ்டருக்குத் தெரியல" என்றான். இந்தச் செய்தி அடுத்த நாள் குழு முழுக்கப் பரவி, எல்லோரும் சரி சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

கடைசி நாள் மறுபடி வெயில் வந்தது. அதே மரத்தடி, அதே பலகை. ஜன்னலோர மேசைகள் ஞாபகத்துக்கு வந்தன. இது போனால் ஓய்வு பெறும்வரை அந்த "வாங்கக்கா"வைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். எனக்குப் பயமாகத்தான் இருந்தது, முதல்முறையாக அவர்கள் சொன்ன மாதிரியே.

மெதுவாக ஆரம்பித்தேன். முதல் வரி, சரி இல்லாமல் தாண்டியது. இரண்டாவதும் தாண்டியது. மூன்றில் ஒரு பங்கை எழுதி, மூன்றுகளை வரிசையாகப் போட்டு, பெருக்கி, ஒன்பதுகள் வந்து, ஆகவே இது ஒன்று என்று முடிக்கும் இடத்தில் நாக்கு ஏமாற்றிவிட்டது.

"சரி?" என்றேன்.

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். போச்சு. வெட்கத்தில் அடுத்த வரி மறந்துவிட்டது. பேனாவைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். மரத்தில் ஒரு கிளி கத்தியது. யாரோ கடலை உடைப்பதை நிறுத்தினார்கள். நான் மறந்துபோய் நிற்கிறேன் என்று அவர்களுக்குத் தெரியாது. பதிலுக்காகக் காத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

சவிதா கையைத் தூக்கினார்.

"சரி இல்ல" என்றார், தமிழில்.

"எது?"

"அது ஒன்று இல்லை. எத்தனை ஒன்பது போட்டாலும் ஒன்றுக்கு ஒரு மயிரிழை குறைவுதான்."

"மூன்றில் ஒரு பங்கு என்றால் முடிவில்லாத மூன்றுகள் என்று முதல் தடவை ஒத்துக்கொண்டீர்களே, தலையாட்டினீர்களே."

"நீங்கள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். பாவமாக இருந்தது, ஒத்துக்கொண்டேன். உண்மையில் அந்த மூன்றிலும் எனக்கு நம்பிக்கை இல்லை."

"எனக்கும் இல்லை" என்றார் பொரா. அன்றைக்குத் தலையாட்டிய ஒவ்வொருவராக, எனக்கும் இல்லை, எனக்கும் இல்லை என்றார்கள். எனக்கு வியர்த்தது, டில்லி ஜனவரியில்.

மூன்று வரி நிரூபணத்தை அழித்துவிட்டேன். வேறு வழியில்லை. "குறைவு என்கிறீர்கள். எவ்வளவு குறைவு? எழுதிக் காட்டுங்கள்" என்று பேனாவைப் பொராவிடம் கொடுத்தேன். அவர் எழுந்து வந்து பூஜ்யம் புள்ளி, பிறகு நிறையப் பூஜ்யங்கள், கடைசியில் ஓர் ஒன்று போட்டார்.

"அந்த ஒன்றை எங்கே போட்டீர்கள்?"

"கடைசியில்."

"ஒன்பதுகளுக்குக் கடைசி உண்டா?"

பொரா தான் போட்ட ஒன்றை முறைத்துப் பார்த்தார். அதை அழித்து இன்னும் தள்ளிப் போட்டார். பிறகு பலகையின் ஓரத்துக்குப் போட்டார். "பலகை போதாது" என்றார். "எந்தப் பலகையும் போதாது" என்றார் சவிதா, தனக்குத்தானே சொல்கிற மாதிரி. உடனே இருவருக்கும் வாக்குவாதம். மற்றவர்கள் இரு கட்சியாகப் பிரிந்து இந்தியிலும் ஆங்கிலத்திலும் கத்தினார்கள். பக்கத்துப் புல்வெளியில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த அலுவலகக்காரர்கள் என்ன தகராறு என்று திரும்பிப் பார்த்தார்கள். மணி அடித்துவிட்டது. என் பாடம் பாதியில் நின்றது. என் பதவி உயர்வும் அதோடு நின்றது என்று முடிவு செய்து, பலகையைத் துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

இந்திராணி மேடம் கத்திக்கொண்டிருந்தவர்களை உட்காரச் சொன்னார். பிறகு, "போன தடவை நீங்கள் பாடத்தை முடித்தீர்கள். இன்றைக்கு இவர்கள் ஆரம்பித்திருக்கிறார்கள்" என்றார். கல்வியியல் பேராசிரியர்கள் இப்படித்தான் பேசுவார்கள், தேறினேனா இல்லையா என்று தெரியாது. கேட்டேவிட்டேன். "தேறிவிட்டீர்கள். அந்த மன்னிப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள். கேட்டுவிட்டு, இன்றைக்கு நின்ற மாதிரி நில்லுங்கள்" என்றார்.

நின்றது மறதியால் என்று நான் சொல்லவில்லை. சான்றிதழ் கைக்கு வரும்வரை சில உண்மைகள் பொறுத்திருக்கலாம்.

கிளம்பும்போது சவிதா ஒரு பெட்டி கஜக் கட்டிக்கொடுத்தார். எஞ்சிய கடலை மிட்டாயை அவர் கையில் வைத்தேன். "அந்த மயிரிழை இன்னும் உறுத்துகிறது" என்றார். "எனக்கும் இப்போது உறுத்துகிறது" என்றேன். மெட்ரோவில் யாரோ என் காலை மிதித்தார்கள். "சாரி" என்றார்கள். "சரி" என்றேன்.

ஊரில் வெயில் அடித்தது. ஸ்டாஃப் ரூமில் கஜக்கை வைத்தேன், ஒரு மணி நேரத்தில் காலி. சான்றிதழை முதல்வர் மேசையில் வைத்துவிட்டு முதலாம் ஆண்டு வகுப்புக்குப் போனேன். அன்றைய பாடம் எளிதானதுதான். பலகை நிறைய எழுதி முடித்துவிட்டுத் திரும்பினேன்.

"சரியா?"

"சரி மேடம்" என்றது வகுப்பு மொத்தமும், ஒரே குரலில், எப்போதும் போல. வழக்கமாக அந்தக் குரல் முடிவதற்குள் நான் அடுத்த வரிக்குப் போயிருப்பேன். இன்றைக்குச் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு நின்றேன். பிள்ளைகளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒருத்தி நோட்டைப் புரட்டினாள். ஒருத்தி மணி பார்த்தாள். மின்விசிறி கிரீச்சிட்டது. எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும் நின்றேன்.

கடைசி பெஞ்சில் ஒரு பெண் தயங்கித் தயங்கி எழுந்தாள். அவள் பெயர் எனக்குத் தெரியாது.

"சாரி மேடம்" என்றாள். "புரியல."

"எங்கேயிருந்து புரியல?"

பக்கத்துப் பெண் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். இவள் உட்காரவில்லை.

"காலேஜ் தொறந்ததுல இருந்தே, மேடம்."

யாரும் சிரிக்கவில்லை. அவளைச் சுற்றி இருந்த முகங்களைப் பார்த்தேன். அவள் மட்டும் இல்லை என்று தெரிந்தது.

"சரி" என்று சொல்லிவிட்டு, பலகை முழுவதையும் அழித்தேன்.